ஆறு நாற்பது பஸ்

முதல் வாசலிலிருந்து நூலகம் வரை
ஆயிரத்து எழுநூறு காலடி.
அளந்தது நானல்ல,
மல்லேஸ்வரியின் முழங்கால்.

சோஹாரில் செப்டம்பர்.
விடிந்ததுமே மூக்குக்கண்ணாடியில் ஆவி படரும் புழுக்கம்.
கம்பெனி வேன் அவளை வாசலில் உதிர்த்துவிட்டுப் போகும்.
பல்கலைக்கழக பஸ்
பாதி காலியாய் அவளைத் தாண்டும்.
கதவில் ஒட்டியிருந்தது:
மாணவர்களுக்கு மட்டும்.

பதிவாளர் அலுவலகத்தில்
கோப்புகளுக்கு எண் போடுகிறவன் நான்.
மனு எழுதினேன்.
நானே எண் போட்டேன்.
இரண்டு வருடம்
யாரும் மறுக்கவில்லை.
மறுத்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

மனுவை விட்டேன்.

டிரைவர் தாத் கரீமுக்குச் சர்க்கரை வியாதி.
கரக் டீயை இனிப்பில்லாமல் குடிக்கிற துக்கத்துக்குத்
துணையாக நானும் பழகினேன்.
போக்குவரத்துப் பிரிவு ஹிலால்
மகளின் கணக்கு நோட்டை ஒருநாள் நீட்டினார்.
பிறகு வாராவாரம்.
பின்னங்களைச் சொல்லிக்கொடுத்தேன்,
பஸ் என்ற சொல்லை
நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு.

காரியக்காரனா நான் என்று
சில இரவுகள் கூசியது.
ஆமாம், காரியத்துக்காகத்தான் தொடங்கினேன்.
ஆனால் அந்தச் சிறுமி தேர்வில் தோற்ற அன்று
எனக்குச் சோறு இறங்கவில்லை.
அதற்கு எந்தக் கோப்பில் எண் போடுவது?

மூன்றாமாண்டு ரய்யா
என்னைவிடப் பொறுமை இல்லாதவள்.
நாற்பது நாள் காலி இருக்கைகளை எண்ணினாள்.
நாற்பத்தோராம் நாள்
இறங்கி மல்லேஸ்வரியோடு நடந்தாள்.
தாமதத்துக்குக் காரணம் எழுதும் இடத்தில்
'நடந்தேன்' என்று எழுதினாள்.

அடுத்த வாரம் பதினொரு பேர் நடந்தார்கள்.
அவர்களுக்குப் பின்னால்
ஒருவருமில்லாத பஸ்,
ஊர்வலத்தில் வரும் மாடு போல மெதுவாக.
தாத் கரீம் ஹார்னைத் தொடவேயில்லை.

ஹிலால் ஜன்னலில் நின்று பார்த்தார்.
என்னைத் திரும்பிப் பார்த்தார்.
"இவ்வளவு நாள் என் வீட்டுக்கு வந்தாய்,
ஒரு வார்த்தை சொல்லவில்லையே."
கோபமா, வருத்தமா, இன்றுவரை தெரியாது.
பிளேடால் அவரே சுரண்டினார் அந்த ஒட்டுத்தாளை.
'மட்டும்' என்பதன் பசை
இன்னும் கதவில் இருக்கிறது, தூசி பிடித்து.

முதல் நாள் மல்லேஸ்வரி
இருக்கையின் நுனியில் உட்கார்ந்தாள்,
வாளியை மடியில் வைத்து.
இப்போது தூங்குகிறாள்.
நூலகம் நெருங்கும்போது
பிரேக் பூப்போல விழுகிறது.

மாலை பஸ்ஸுக்கு அனுமதி இல்லை இன்னும்.
இரவுக் காவலாளிகள் நடக்கிறார்கள்.
அவர்களில் மூவர் பெயர்தான் தெரியும் எனக்கு.

ஹிலாலின் மகளுக்கு
இந்த வாரம் இயற்கணிதம்.
இந்த முறை
கதவைத் தட்டியதும் சொல்லிவிடுவேன்.