மூன்று மாதச் சீனி

உள்ளங்காலில் சிப்பி ஓடு ஏறி
இரண்டு நாளாகியிருந்தது.
சப்பாத்தைக் கழற்றியபோது
றிஸ்மியாதான் இரத்தத்தைக் கண்டாள்.
எனக்குத் தெரியவில்லை, என் காலுக்கும்.

கன்னியாவில் ஏழு கிணறு,
ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு என்பார்கள்.
போன வருசமே என் பாதத்துக்கு
ஏழும் ஒன்றாகிவிட்டது.
வெளியில் சொல்லவில்லை.

காயத்துக்கு மருந்து கட்டப் போன இடத்தில்
நெஞ்சில் வயர் ஒட்டினார்கள்.
தாளைப் பார்த்த டொக்டர் புவிதரன்
"அட்டாக் எப்ப வந்தது?" என்றார்.
எனக்கே தெரியாமல்
வந்து, இருந்து, எழும்பிப் போயிருக்கிறது
தேத்தண்ணிகூடக் குடிக்காத விருந்தாளி.
சீனி வருத்தக்காரனுக்கு
நெஞ்சும் காலைப் போலத்தானாம்,
நோவைச் சொல்லாதாம் சில வேளை.

படத்தில் மூன்று குழாய்.
மூன்றிலும் அடைப்பு.
சீனன்குடா ஆலையில்
மாவும் ஈரமும் சேர்ந்து பீலி இப்படித்தான் இறுகும்;
இருபத்தேழு வருசம் நான் சுரண்டியது அதைத்தான்.

"ஸ்டென்ட் வைக்கலாம்.
மணிக்கட்டால் போய், இரண்டு நாளில் வீடு.
ஆனால் மூன்று குழாய், இவ்வளவு சீனி,
திரும்ப அடைக்கப் பார்க்கும்.
நெஞ்சைத் திறப்பதுதான் நல்லது."
"ஆருக்கு?" என்றேன்.
சிரித்தார்.
பேனையை மூடினார், திறந்தார், மூடினார்.

கிண்ணியாக்காரனுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.
பாலம் வருமுன் எங்களுக்குப் பாதை இருந்தது,
காரும் ஆடும் மையித்தும் ஏறும் மிதவைப் பாதை.
பழுதாகும், திருத்துவார்கள், ஓடும், பழுதாகும்.
பாலத்துக்கோ
கடலின் அடியைத் தோண்ட வேண்டியிருந்தது.

தோண்டுமுன் ஒரு கட்டளை:
பத்தரையில் நிற்கும் மூன்று மாதச் சீனியை
எட்டுக்குக் கீழே கொண்டு வா.
ஒரு காலைப் பட்டினியால்
விரலை ஏமாற்றலாம்.
இரத்தம் கணக்குப்பிள்ளை;
மச்சினன் மகள் கலியாணத்தில்
கதவுக்குப் பின்னால் நின்று தின்ற வட்டிலப்பத்தை
மாதம் கழித்தும் எழுதி வைத்திருந்தது.
பிறகுதான் பயந்தேன்.
குரக்கன் பிட்டு. ஊசி. குரக்கன் பிட்டு.

கண்டியில் பக்கத்துக் கட்டில் விமலசேன,
கந்தளாய் ஆள், அவரும் சீனிதான்.
ஒரே குழாய். ஸ்டென்ட் வைத்து
மூன்றாம் நாள் கை காட்டிப் போனார்,
உடைக்காத பிஸ்கட் பெட்டியை எனக்கு விட்டுவிட்டு.
அதை நேர்சுக்குக் கொடுத்தேன். பொறாமைதான்.

மார்பெலும்பை அறுத்துக் கம்பியால் கட்டினார்கள்.
காலிலிருந்து நரம்பெடுத்து நெஞ்சில் தைத்தார்கள்.
என்னோடு பேசாத காலும்
என்னோடு பேசாத நெஞ்சும்
என்னைக் கேளாமல் சம்பந்தம் செய்துகொண்டன.
மணிக்கொருக்கா விரலில் குத்து,
துளித் துளியாய் இன்சுலின்.

நெஞ்சு ஆறிற்று. கால் ஆறவில்லை.
கெண்டைக்கால் வெட்டு நாற்பது நாள் அழுதது.
சீனி ஏறினால் காயம் திறக்கும் என்று
மருந்து கட்டும் மிஸ் சொன்னதை
றிஸ்மியா ஒவ்வொரு சோற்றுக் கோப்பைக்கும் சொன்னாள்.
ஐம்பது கிலோ மாமூட்டை தூக்கினவனுக்கு
ஐந்து கிலோ எல்லை.
மீன்பையைக்கூட அவள்தான்.
இருமினால் தலையணையைக் கட்டிப்பிடிக்க வேண்டும்,
தொழுகை கதிரையில்;
நெற்றி தரையைத் தொடாத அந்த நாட்களில்
எதைக் கேட்பதென்று மறந்துபோனேன்.

பாலத்தில் நடக்கிறேன்.
முதல் நாள் இரண்டு விளக்குக் கம்பம்,
இன்று பதினாலு.
கீழே தோணிக்காரன் வலையை உதறுகிறான்.
நின்றேன்.
"என்ன?"
"நெஞ்சு நோகுது."
அவள் முகம் போன போக்கு!
"இல்லடி, வெட்டின இடம். தோல்தான்."
காட்டினேன்.
நம்பாமல் பையைத் திறந்து மெஷினை எடுத்தாள்,
விரலை நீட்டச் சொன்னாள்
காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.