இலேசாகத் தொட்டவை

ஐஸ் பெட்டி வந்து சேரும்போது மணி நாலரை.
எட்மன்டனில், ஜனவரியில், அதற்குள் இருட்டு.
வாகன நிறுத்தத்தில் கார்கள்
குளுக்கோஸ் ஏற்றும் நோயாளிகள்போல
வயர் மாட்டி நிற்கின்றன, எஞ்சின் உறையாதிருக்க.

“ஆறு வாரக் குழந்தை” என்றாள் ஓக்சானா
கையெழுத்து வாங்கிக்கொண்டே.
“இதயம் தைத்தாயிற்று. உதடு சிவந்துவிட்டது.”
பெயர் சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.
மூடியில் நான்கு இலக்கம்.

இதயத்துக்குப் போகும் வழியை மறைத்ததால்
வெட்டி எடுத்த தைமஸ்.
இரண்டு மடல், பழுத்த கொய்யாவின் உட்புற நிறம்.
பிள்ளையின் முஷ்டியைவிடப் பெரிதோ என்று
ஒவ்வொரு முறையும் தோன்றும்.
ஒரு முறையும் அளந்ததில்லை.

கத்தரித்துச் சல்லடையில் தேய்க்கிறேன்.
அரிசி களைந்த நீர்போல இறங்குகின்றன
கோடி கோடியாய்,
பரீட்சை பாதியில் நின்றுபோனவை.

ஒவ்வொன்றும் தன் கொக்கியைத் தானே
சீட்டுக் குலுக்கிச் செய்துகொள்கிறது,
எதில் மாட்டும் என்று தெரியாத கொக்கி.
புறணியில் முதல் கேள்வி:
இந்த வீட்டுக் கையைப் பிடிக்கத் தெரிகிறதா?
தெரியாததை யாரும் கொல்வதில்லை.
கூப்பிடுவதில்லை, அவ்வளவுதான்.
மூன்று நாள், நான்கு நாள், தானாக உதிரும்.
பெரும்பாலானவை இப்படித்தான்.

உள்ளே போனவற்றுக்கு வேறு கேள்வி.
அங்கே சில செல்கள் முழு உடம்பையும் நடித்துக் காட்டும்:
கணையம் இல்லாத இடத்தில் ஒரு துளி இன்சுலின்,
கண் இல்லாத இடத்தில் விழிவில்லையின் சில்லு,
எச்சில், தைராய்டு, தோலின் கருமை.
இலேசாகத் தொட்டுக் கடந்தால் பிழைக்கும்.
இறுகப் பற்றினால்
அதோடு சரி.

நூற்றில் இரண்டோ மூன்றோ வெளியே வரும்.
பயிற்சிக்கு வரும் மாணவர்கள் இந்த இடத்தில்
குடிவரவு அலுவலகம் என்று சிரிப்பார்கள்.
நானும் சிரித்திருக்கிறேன்,
என் கோப்பு மூன்றாம் ஆண்டாக நிலுவையில் இருந்தபோது.
அங்கேயாவது காரணம் சொல்லிக் கடிதம் வரும்.
இங்கே விழுங்கும் செல் ஒன்று வந்து
கூட்டித் துடைத்துவிட்டுப் போகும்.

கையுறைக்கும் அங்கிக்கும் நடுவே
என் மணிக்கட்டில் ஒரு வெள்ளைத் தீவு.
இருபத்திரண்டு வயதில் கடுகளவு.
இப்போது லூனி நாணயம் வைத்து மறைக்க முடியாது.
ஒருமுறை ஸ்கைப்பில், ஒரு மாப்பிள்ளையின் தாய்
“கையைக் கொஞ்சம் கேமரா பக்கம் காட்டும்மா” என்றாள்.
காட்டினேன்.

இந்த நெஞ்செலும்புக்குப் பின்னால், எப்போதோ,
கருமையை இறுகப் பற்றிய ஒன்று
யாரும் பார்க்காத நேரத்தில் நழுவியிருக்கிறது.
அடையாளம் தெரியாமல் கடிக்கவில்லை அது.
தெரிந்துதான்.

இன்று நான் பிரிக்க வேண்டியவை வேறு.
இறுகப் பற்றியும் சாகவிடாமல் விட்டவை,
நூற்றில் ஒன்றுகூடத் தேறாது.
பற்றியதை அடிக்காமல்
அடிக்க ஓங்கும் மற்றவற்றின்
தோளில் கைவைக்கும் வகை.
ஏன் அவை மட்டும்?
கட்டுரைகள் ஆண்டுக்கொரு பதில் சொல்கின்றன.
இயந்திரம் துளித்துளியாய் லேசரில் நிறுத்தி
ஒவ்வொன்றையும் விசாரித்து ஒதுக்குகிறது.
பத்து மணிக்குக் குழாயின் அடியில்
இருக்கிறதா என்று சாய்த்துப் பார்க்கும் அளவு படிவு.

நான்காவது மாடியில் அந்தக் குழந்தை
தூங்கிக்கொண்டிருக்கும்.
ஏற்கெனவே வெளியேறிவிட்டவை அதற்குப் போதும் என்கிறார்கள்.
பெரும்பாலும் போதும்.

வெளியே முப்பத்தொரு டிகிரி, பூஜ்யத்துக்குக் கீழே.
வயரைக் கழற்றக் கையுறையை உருவுகிறேன்.
குளிரில் முதலில் சிவப்பது
அந்த வெள்ளைத் தீவு.