ஒரு மணி நேர அகலம்

குவாதியானா அங்கே அத்தனை அகலமில்லை.
அக்கரையில் ஒருவர் கொட்டாவி விட்டால்
இக்கரையில் எனக்கும் வருகிறது.
ஆனாலும் இது போர்ச்சுகல், அது ஸ்பெயின்.
இங்கே பதினொன்று அடிக்கும்போது
அங்கே பன்னிரண்டு.

ஊர்ப் பெயரை எழுதிவிடாதே என்றாள்
காப்பிக்கடை தெயோலிண்டா.
எழுதினால் வருவார்கள்,
வந்தால் நாற்காலி போதாது.
இருப்பது ஆறு. ஒன்றுக்குக் கால் ஆடும்.
அதில்தான் என்னை உட்கார வைத்திருந்தாள்.

கூரைகளுக்கு மேலே ஒரு கோட்டை.
எதிர்க்கரைக் குன்றில் இன்னொன்று.
ஒன்றையொன்று முறைப்பதற்கென்றே கட்டியவை.
இதன் வாசலில் இப்போது நுழைவுச்சீட்டு,
அதன் பீரங்கித் துளையில் புறா.
சண்டை போட்ட இரண்டு ராஜாக்கள்
ஆளுக்கொரு படகில் வந்து
நடு ஆற்றில் சமாதானம் ஆனார்களாம்.
நட்டாற்றில் கைவிட்ட கதைகள்
எனக்கு நிறையத் தெரியும்.
கைகுலுக்கிய கதை
இங்கேதான் கேட்கிறேன்.

கோட்டைக்குள் ஓர் அறை,
கண்ணாடிப் பெட்டிக்குள் காவலர் குறிப்பேடு.
காப்பிக்கொட்டையைத் தலையில் கட்டி
அமாவாசை இரவுகளில் ஆட்கள் நீந்திய காலம்.
எவரிஸ்டோ என்ற காவலர்
கோணல் எழுத்தில் எழுதியிருக்கிறார்:
இரவு ஒரு மணி. ஒன்றுமில்லை.
இரண்டு மணி. ஒன்றுமில்லை.
மூன்று மணி. தவளைகள்.
அந்தப் பக்கத்தின் ஓரத்தில்
வட்டமாக,
கோப்பையின் அடி அளவுக்கு,
ஒரு காப்பிக் கறை.

இறங்கி வந்து படகு ஏறினேன்.
ஓட்டுபவர் பெல்மீரோ.
அப்படி நீந்தியவர்களில் ஒருவரின் மகன்;
தனக்கு நீச்சல் தெரியாது என்றார்,
ஏதோ அரசாங்க வேலை கிடைத்ததைச் சொல்வதுபோல.
நடுவில் வந்ததும் கேட்டேன்:
இந்த இடத்தில் மணி என்ன?
குனிந்து தண்ணீரைப் பார்த்தார்.
"ஏற்றம்" என்றார்.

கடல் நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது.
அதன் மூச்சு இவ்வளவு தூரம் வருகிறது.
எதையோ மறந்து வைத்துவிட்டவள்போல
ஆறு வந்த வழியே
திரும்பிப் போய்க்கொண்டிருந்தது,
அரளிப்பூவும் ஒரு பிளாஸ்டிக் செருப்பும் சுமந்து.
மடவை ஒன்று துள்ளி விழுந்தது;
எந்த நாட்டில் துள்ளி எந்த நாட்டில் விழுந்ததோ.
ஒற்றை ராத்திரிக்கு நங்கூரம் போட்டு
ஒன்பது வருஷமாகப் போகாத ஹாலந்துக்காரர்
பாய்மரத்தடியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார்.
கரைச்சரிவில் வெயில் பட்ட புதர்களின் பிசின் வாசனை
தொண்டை வரை இனித்தது.

அக்கரையில் ரொட்டி வாங்கினேன்.
கடை மூடும் நேரம், காசை எண்ணாமலே போட்டுக்கொண்டாள்.
திரும்பி வந்தபோது
கிளம்பிய நேரத்துக்கும் முன்னால் வந்து சேர்ந்திருந்தேன்.
அந்தக் கூடுதல் ஒரு மணியை
எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

மூன்று மணிக்குப் பேருந்து.
அத்திமர நிழலில் கண்ணயர்ந்து
விழித்துக் கைப்பேசியைப் பார்த்தால்
நான்கு.
போய்விட்டது.
இரண்டு நிமிஷம் திட்டினேன், யாரையென்று இல்லாமல்.
பிறகு ஆடும் நாற்காலியில் போய் உட்கார்ந்து
காப்பி சொன்னேன், ரொட்டியைப் பிய்த்தேன்,
எறும்புகள் வரிசையாக வருவதைப் பார்த்தேன்.

அரைக்கோப்பை குடித்திருக்கும்போது
சந்து முனையில் ஹாரன்.
பேருந்து. சரியாக மூன்றுக்கு.
என் கைப்பேசிதான்
என்னைக் கேட்காமல் ஆற்றைத் தாண்டி
அந்தக் கரைக் கோபுரத்தின் மணியை
இந்தக் கரைக்குக் கடத்தி வந்திருக்கிறது.
சுங்கக் காவலில் யாரும் இல்லை.

ஓட்டுநர் ஜன்னல் வழியே
என்னைப் பார்த்துப் புருவம் உயர்த்தினார்.
பதிலை தெயோலிண்டா சொன்னாள்,
எனக்குப் புரியாத வேகத்தில்.
அவர் சிரித்துவிட்டு வண்டியை எடுத்தார்.
அவள் என்ன சொன்னாள் என்று
நான் விசாரிக்கவில்லை;
என் கோப்பையில் மீதி இருந்தது.

அடுத்த பேருந்து வெள்ளிக்கிழமை.
எந்தக் கரையின் வெள்ளி என்றும் கேட்கவில்லை.