உடைந்த ஊசிப் பதிவேடு

ஊசி உடைந்தால் எங்கள் பனியன் கம்பெனியில்
கையைத் தூக்க வேண்டும்.
மிஷினை அணைக்க வேண்டும்.
எழக் கூடாது, சேலையை உதறக் கூடாது.
திருமூர்த்தி காந்தத்தோடு வருவார்.
கிடைத்த துண்டுகளைத் தாளில் வைத்து
முழு ஊசியின் படத்தோடு பொருத்திப் பார்ப்பார்.
முனை, காது, தண்டு.
எல்லாம் சேர்ந்தால் டேப் போட்டு ஒட்டி
தேதி, நேரம், என் கையெழுத்து.
அப்புறம்தான் புது ஊசி.
எள்ளளவு குறைந்தாலும்
மேசையிலிருக்கும் நாற்பது பீஸும் நகராது.
எங்கேயோ ஒரு ஊரில் ஒரு குழந்தையின் கழுத்தில்
அது குத்திவிடக் கூடாதாம்.

என் மிஷின் தலைக்கு உள்பக்கம்
நூல் மாட்டக் குனிந்தால் மட்டும் தெரிகிற இடத்தில்
ஒரு எண்ணை ஒட்டியிருக்கிறேன்.
எண்பத்தி நாலாயிரம்.
பழைய ஓவர்லாக் ஒன்று, பேட்லாக் ஒன்று,
பெருமாநல்லூர் ரோட்டில் தகர ஷெட்டுக்கு முன்பணம்.
யாருக்கும் சொல்லவில்லை.
கண் படும் என்றல்ல.
"எப்ப அம்மிணி ஓனராகப் போற?" என்று
டீ வரும்போதெல்லாம் கேட்பார்கள்.
பதில் சொல்லிச் சொல்லியே பாதி செலவாகிவிடும்.

தீபாவளி போனஸில் சேலை எடுக்கப் போனார்கள்.
நானும் போனேன்.
கரும்பச்சையில் ஒன்று என்னைப் பார்த்தது.
எண்ணை நினைத்துக்கொண்டேன் என்று
எழுதினால் நன்றாயிருக்கும்.
இல்லை. சேலையைத்தான் நினைத்தேன்,
பஸ் வரும்வரைக்கும், பஸ்ஸிலும்.
வாங்கவில்லை, அவ்வளவுதான்.

மினாட்டி ஒடிசாக்காரி, எனக்குக் கைமடிக்கிறாள்.
எங்களுக்குப் பொதுவாக இருபது சொல் இருக்கும்.
ஒருநாள் எண்ணைத் தொட்டு "என்னாக்கா?" என்றாள்.
"மிஷின்."
தன் செல்போன் உறையைக் கழற்றிக் காட்டினாள்.
உள்ளே அவளும் ஒரு எண் வைத்திருந்தாள்.
எதற்கென்று நான் கேட்கவில்லை.

அறுபத்தொன்று சேர்ந்த மாசம்
என் வீட்டுக்காரர் பைக்கிலிருந்து விழுந்தார்.
முட்டிக்குக் கீழே ரெண்டு இடம்.
தகட்டுக்கும் கட்டிலுக்கும் முப்பத்தெட்டு.
கொடுத்தேன். யோசிக்கிற இடமா அது.

அதற்கப்புறம் குனியாமலே நூல் மாட்டப் பழகிக்கொண்டேன்.
கைக்குத் தெரியும், கண் எதற்கு.
பத்து நாள், பன்னிரண்டு நாள்.

நேற்று மத்தியானம் ஊசி உடைந்தது.
தண்டு கிடைத்தது, காது கிடைத்தது.
முனையைக் காணோம்.
லைனே நின்றுவிட்டது.
டார்கெட் போர்டில் நூற்றிப்பத்துக்குக் கீழே
சாக்பீஸ் அப்படியே தொங்கியது.
"எங்கீங்க போயிருக்கும்?" என்று
திருமூர்த்தி காலடியில் காந்தத்தை இழுத்தார்.
நான் மிஷின் தலைக்குள் குனிந்தேன்.
அங்கே முனை இல்லை.
பஞ்சுத் தூசி மூடி, எண் இருந்தது.
கட்டைவிரலால் துடைத்தேன்.

மினாட்டிதான் கண்டுபிடித்தாள்,
என் ஜாக்கெட் கை மடிப்பில்.
இவ்வளவு நேரமும் என்மேலேயே குத்திக்கொண்டு.

பதிவேட்டில் மூன்றையும் ஒட்டினார்கள்.
கையெழுத்துப் போட்ட பேனாவைத் திருப்பித் தராமல்
மறுபடி குனிந்து
எண்பத்தி நாலுக்குக் கீழே
இருபத்தி மூணு என்று எழுதினேன்.
இருக்கிற துண்டு அது.

புது ஊசி மாட்டி முடிக்கையில்
"பொழுதோட அரை ஷிப்ட் எச்சு இருக்குது,
ஆரு இருக்கறீங்க?" என்றார் திருமூர்த்தி.
கையைத் தூக்கினேன்.
ஊசி உடைந்ததாக நினைத்து
அவர் காந்தத்தை எடுத்தார்.
"இல்லீங்ணா," என்றேன்.
"பேரைப் போட்டுக்கங்க."