நான்காம் பதிப்பில் சில மாற்றங்கள்

பீன்யாவில் எனக்குச் சம்பளம் தருவது
லிஃப்ட் கதவு மூடும் நேரம்.
ஆள் நுழைந்தால் நாலு விநாடி.
கை குறுக்கே வந்தால் திரும்பத் திற.
எடை கூடினால் கத்து.
அவ்வளவுதான் என் பகல்.

இரவில் வேறு கதவுகள்.
ஸ்ரீராமபுரம், தகரக்கூரை போட்ட மாடி அறை.
மெட்ரோ போகும்போதெல்லாம்
மேசைமேல் டம்ளர் கொஞ்சம் பேசும்.

சேனல்காரர்கள் பாதியில் நிறுத்திய போட்டி அது.
ஏழு கதவு, ஒரு சாவி, ஒரு நிமிடம்.
செட்டைப் பிரித்து விறகுக்கு விற்றிருப்பார்கள்.
நான் ஞாபகத்திலிருந்து வரைந்தேன்.
மஞ்சள் மட்டும் படியவில்லை,
பதினோரு மஞ்சள் பார்த்துவிட்டேன்.
கைதட்டல் சுலபம்:
எதிர்ப்பள்ளி மைதானத்தில் ராஜ்யோத்சவப் பாட்டுப்போட்டி,
ஜன்னலில் போனை நீட்டிப் பிடித்தேன்.
நடுவில் யாரோ இருமினார்.
யார் ஜெயித்தாலும் இன்றுவரை அவர் இருமுகிறார்.

கஷ்டம் கதவு திறப்பதில் இல்லை.
திறக்குமுன்
நடத்துகிறவர் வாயை மூடிக்கொண்டு நிற்பாரே,
அந்த இடைவெளி.
அதற்கு ஒன்பது இரவு.
இரண்டு விநாடி வைத்தால் மளிகைக்கடை ஷட்டர்,
ஐந்து வைத்தால் தாலுகா ஆபீஸ்.
மூன்றில்தான்
நெஞ்சு தொண்டைக்கு வந்து நின்றது.

காசு வாங்கவில்லை. பென் டிரைவ் நீட்டியவர்க்கெல்லாம் கொடுத்தேன்.
ஆபீஸ் நாகவேணி கேள்விகளைக் கன்னடமாக்கினாள்,
என் எழுத்துப்பிழைகளையும் சேர்த்து.
ஜெராக்ஸ் கடை முனவ்வர்
'வைரஸ் இல்லை, நம்ம ஏரியா பொண்ணு செஞ்சது'
என்று அட்டை எழுதி ஒட்டினார்.
தங்கவயலில் ஒருவர் அதில்
தன் பெயரைப் போட்டுக்கொண்டாராம்.
போட்டுக்கொள்ளட்டும்.
மஞ்சள் அவரிடம் அச்சு அசலாய் வந்திருந்தது.
கேட்டேன், அனுப்பினார்.

மூன்றாம் பதிப்புவரை கதவுக்குப் பின்னால்
கார், ஃபிரிட்ஜ், ஏமாந்தவர்க்குப் பூசணிக்காய்.
'காரை எந்தச் சந்துல நிறுத்துறது?' என்றார் முனவ்வர்.
நியாயம்தான்.
நான்காம் பதிப்பில், பரிசை நீங்களே எழுதலாம்.

எழுதினார்கள்.
இரண்டு நாள் முழுசாய்க் காவிரித் தண்ணீர்.
மெஜஸ்டிக்கிலிருந்து சேலம்வரை ஜன்னல் சீட்.
எங்கள் மேனேஜருக்கு வயிற்றுப்போக்கு
(இது யார் எழுதியது என்று எனக்குத் தெரியும்).
தீராத கறுப்பு மை.

ஒரு சாயங்காலம் லூர்துராஜ் என்று ஒரு பையன்
படியேறி வந்து லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.
ஆறு கதவில் ஒன்றுமில்லை.
மிச்சம் ஒன்றில்
'அப்பா ஒரு வார்த்தை பேசுறார்.'

'பதினாலு தடவை ஆடிட்டேன்க்கா. வரல.
எங்கயாவது தப்பு இருக்குமோ?'

விட்டுட்டுப் போ, பார்க்கிறேன் என்றேன்.
தப்பு இல்லை.
ஏழில் ஒன்று
பதினாலு தடவை ஏய்க்கலாம்,
கணக்கில் அதற்கு இடம் உண்டு.
கதவைக் கலைத்துப்போடுவது ஒரே வரி,
யார் வீட்டுப் பிள்ளை ஆடுகிறது என்று அதற்குத் தெரியாது.

மாற்ற அரை நிமிடம் போதும்.
அவன் தொடுகிற கதவே அந்தக் கதவு.
விரலை விசைமேல் வைத்திருந்தேன்.
கடைசி மெட்ரோ போனது.
டம்ளர் ஏதோ சொன்னது.

மாற்றவில்லை.
மாற்றியிருந்தாலும் உங்களிடம் சொல்லமாட்டேன்.
காத்திருக்கும் நேரத்தில் மட்டும்
அரை விநாடி கூட்டினேன்,
எல்லாக் கதவுக்கும், எல்லாருக்கும்.

திங்கட்கிழமை நாகவேணி பிடித்துக்கொண்டாள்:
'புதுசு ரொம்ப ஸ்லோ மாராயத்தி, ஏன் ஆயித்து?'
பார்க்கிறேன் என்றேன்.
லிஃப்ட் வந்தது, ஏறினோம்.
ஒன்று, இரண்டு, மூன்று.
வராந்தாவின் கோடியில் யாரோ
டிபன்பாக்ஸ் குலுங்க ஓடிவரும் சத்தம்.
கதவு நகரத் தொடங்கியது.
கையைக் குறுக்கே நீட்டினேன்.