4/11

ஒஹாயோவிலிருந்து வெண்டல் எழுதினான்:
"4/11. கெண்ட் ரயிலடி. பகல் இரண்டு மணி."

நவம்பரில் போய் நின்றேன்,
மழை கோட்டுக் கழுத்துக்குள் இறங்க இறங்க.

அவன் ஏப்ரலிலேயே வந்து
முன்பின் தெரியாதவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்து
டூலிப் கட்டை பெஞ்சிலேயே விட்டுவிட்டுப்
போயிருந்தான்.
அந்தப் பூ
யார் வீட்டு மேசையில் வாடியதோ.

கோபத்தில் அவன் எழுதவில்லை.
எழுதாததை நான்
மரியாதை என்று எண்ணிக்கொண்டேன்:
எங்கள் ஊரில்
சொன்ன சொல்லை யாரும்
இரண்டாம் தரம் சொல்வதில்லை.

கல்யாணத்தை 6/6 அன்று வைத்தோம்.
எப்படிப் படித்தாலும் ஒரே நாள்.

தண்ணீரில் ஐஸ் போடுவதா என்பதில்
பேச்சுவார்த்தை
பதினாறாவது வருஷமாக நடக்கிறது.
இன்று காலைகூட
கதவு கொஞ்சம் சத்தமாகத்தான் சாத்தப்பட்டது.