நாலு மில்லியம்பியர்

கொழும்பு பதினைந்து, மட்டக்குளி,
சவர்க்காரத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடி.
புதிய வால்வின் மூடியைக் கழற்றி
மடியில் வைத்திருக்கிறேன்,
எட்டுத் திருகாணிகளும் அதற்குள்ளே.

களனி ஆற்றுக் காற்றில்
உப்பும் தேங்காயெண்ணெயும் சரிபாதி.
ஆறாம் டெர்மினலுக்குக் கறுப்பு, ஏழாவதுக்கு வெள்ளை.
கவச வலையை இந்த முனையில் வெட்டிவிட வேண்டும்;
இரண்டு முனையும் எர்த்தில் பட்டால்
பக்கத்து மோட்டார்களெல்லாம்
இதற்குள் வந்து பேசும்.

கீழே, திரைக்கு முன்னால், சுஜீவ.
ஓவர்டைம் பட்டியலில் என் பெயரை வெட்டியவன்.
நான் அவனுக்குச் சொன்ன சொல்லும் சின்னதல்ல.
இன்றோடு ஒன்பது நாள்.

"எவ்வளவு காட்டுது?" என்கிறேன் வோக்கியில்.
இரைச்சல்.
"சைபர்."

மூடிக்கிடக்கும் வால்வுகூட நாலு அனுப்பும்,
மூடியிருக்கிறேன், ஆனால் இருக்கிறேன் என்று.
சைபர் வந்தால்
கம்பி செத்துப்போச்சு,
அல்லது யாரோ கை தவறியிருக்கு.

என் கைதான்.
வெள்ளையின் இடத்தில் கறுப்பு.
நெற்றி வியர்வையைத் தோளில் துடைத்து
மாற்றி முறுக்கினேன்.

வோக்கியில் இப்போது இரைச்சல்கூட இல்லை.
தகரத்தில் மழை விழத் தொடங்கியது.

"நாலு" என்றான்.
கொஞ்சம் பொறுத்து,
"நாலு தசம் சைபர் ரெண்டு."

நான் கேட்காத அந்தத் தசமத்தையும்
கொப்பியில் எழுதிக்கொண்டேன்.
மூடியைப் பொருத்தி
ஏழு திருகாணிகளை இறுக்கினேன்.
எட்டாவது எங்கோ உருண்டுவிட்டது,
கீழே, அவன் பக்கமாக.